வளர்ப்பவர் பொறுப்பு



‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பாடம் சொன்ன நானும் அதை நம்பியவன்தான். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர் வேறொருவர். அந்நிகழ்ச்சியை முதலில் கூறிவிட்டு, விலங்கு வளர்ப்போர்க்குச் சட்டமும் உள்ளாட்சியும் விதித்துள்ள கடமைகளைப் பற்றிச் சிறிது பேசலாம் என எண்ணுகிறேன்.

திருப்பூரில் நான் வாழும் தெரு பனியன் கம்பெனிகள் நிறைந்த தெரு. இங்கே ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பது குழந்தையும் அறிந்த சொல். காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் வேலை இரவு எட்டரை மணிக்கு முடியும். அந்நேரத்தில் சைக்கிளில் செல்வோரைக் கண்டால் என் வீட்டு நாய் குரைக்கும்; கதவு திறந்திருந்தால் துரத்தவும் செய்யும். நான் திண்ணையில் இருந்தபடியே, “ஒன்றும் செய்யாது, பயப்படாமல் போங்கள்” என்பேன்.

ஓரிரவு அது ஓர் இளைஞனின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ஓடிச் சென்று பார்த்தால், அவன் என்னிடம் படித்தவன். குருதி வழியும் காலோடு, “பரவாயில்லீங்க சார்” என்றான். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மருத்துவர் என்னைப் பார்த்து, “நாய்க்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள்?” என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. ஊசிக்குப் பணம் இல்லை. ஆனால் ஊசிக்கு வந்த நாள்களுக்கு அவனுக்குக் கூலியும் இல்லை. சனிக்கிழமைச் சம்பளத்தில் குறைந்த தொகையை நான் நீட்டியபோது அவன் வாங்க மறுத்துவிட்டான். வகுப்பில் குடிமைக் கடமை நடத்திய எனக்கு அன்று ஏற்பட்ட வெட்கமே, இது குறித்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படிக்கத் தூண்டியது.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 291ஆம் பிரிவாக உள்ளது. தம் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கோ, கொடுங்காயம் நேரும்படியோ விளையக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாதவர், அறிந்தே விட்டாலும் கவனக்குறைவால் விட்டாலும் குற்றவாளி ஆவார். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது.

இச்சட்டத்தின் சொற்களை ஊன்றிப் பாருங்கள். நாய் என்று அது குறிப்பிடவில்லை. எந்த விலங்காயினும் சரி. நம் காங்கேயம் காளை மூக்கணாங்கயிறு அறுத்துக்கொண்டு சந்தைக்குள் பாய்ந்தாலும் இதே கேள்விதான் எழும். மேலும், கடித்த பிறகுதான் குற்றம் என்பதும் இல்லை. ஆபத்து நேரக்கூடும் என்னும் நிலையிலேயே கடமை தொடங்கிவிடுகிறது. “ஒன்றும் செய்யாது” என்ற என் சொல் சட்டத்தின்முன் செல்லாக்காசு.

நாய்க்கடியை இத்துணைப் பெரிதாகக் கருதுவானேன்? வெறிநோய் என்னும் ரேபிஸே காரணம். அறிகுறி தோன்றிய பின் அந்நோய்க்குத் தப்பியவர் மிக அரியர். மனிதர்க்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் வழியாகவே வருவது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1885இல் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். 1900இல் வடக்கே கசௌலியில் சிகிச்சை நிலையம் ஏற்பட்டது. ஆயினும் தென்னாட்டார் அத்துணைத் தொலைவு சென்று சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். 1907இல் நமக்கு அண்மையிலுள்ள குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றிய பிறகே அக்குறை நீங்கியது. ஆகவே, நாய் கடித்தால் மஞ்சளும் மிளகாயும் சுண்ணாம்பும் தேடாதீர்கள். ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சொன்ன நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாது போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, எந்த நாய் ஆபத்தானது என்ற வினா. இங்கிலாந்தில் 1991இல் இயற்றிய சட்டம் பிட்புல் உள்ளிட்ட நான்கு வகை நாய்களைத் தடைசெய்தது. 2024இல் எக்ஸ்எல் புல்லி என்னும் வகையும் அத்தடைக்குள் வந்தது. ஆனால், எவ்வகை நாயாயினும் கட்டுமீறினால் உடையவரே பொறுப்பு என்றும் அதே சட்டம் கூறுகிறது. நம் நாட்டில் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை கோரிச் சுற்றறிக்கை விடுத்தது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. மே மாதத்தில் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அதன் பின்னர், உரிமம், கழுத்துவார், வாய்மூடி ஆகியவற்றைச் சென்னை மாநகராட்சி வலியுறுத்தலாயிற்று. உரிமத்தை வரி என்று முகம் சுளிப்போர் உளர். தடுப்பூசிச் சான்று காட்டினால்தான் உரிமம் கிடைக்கும். அச்சான்று இருந்திருந்தால் நான் மருத்துவர்முன் வாயடைத்து நின்றிருக்க மாட்டேன்.

“தெருநாய்க்கு யார் பொறுப்பு?” என்று நீங்கள் கேட்கலாம். 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள் இதைத் தெளிவாகப் பிரித்துள்ளன. வீட்டு நாயின் தடுப்பூசியும் கருத்தடையும் உடையவர் பொறுப்பு; தெருநாய்க்கு அவற்றைச் செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. நம் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளக்கோவில் பகுதிகளில், பட்டியில் அடைத்த ஆடுகளைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றதையும், உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடியதையும் 2024, 2025 ஆண்டுகளில் கண்டோம். அரசு செய்ய வேண்டியது மிகுதி, ஐயமில்லை. எனினும், வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி இரவோடிரவாக ஊர்ப்புறத்தில் விட்டுவரும் வீட்டார் நம்மிடையே இல்லையா? அக்குட்டிதானே பசியால் வாடிக் கூட்டத்தோடு சேர்ந்து பட்டிக்குள் பாய்கிறது?

நாயை வெறுக்குமாறு நான் கூறவில்லை. என் வீட்டில் இன்றும் நாய் உண்டு. ஆண்டுதோறும் ஊசி, வெளியே செல்கையில் கழுத்துவார், எட்டரை மணிக்கு மூடிய கதவு ஆகியவை எங்கள் வீட்டுச் சட்டங்கள். என் மாணவன் இப்போதும் அவ்வழியே சைக்கிளில் செல்கிறான். என் வீட்டு வாசலில் மட்டும் சற்று விரைந்து மிதிக்கிறான்.

உங்கள் வீட்டில் நாய் இருக்குமாயின், இன்றே பெரியவர்களிடம் அம்மருத்துவர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். விடை வரத் தாமதமானால், நாளைக் காலையில் கால்நடை மருத்துவமனைக்கு அவர்களோடு நீங்களும் செல்லுங்கள்.