பிறந்த தேதி போடும் எல்லைக்கோடு

ஈழத்திலிருந்து வந்த பெற்றோருக்குத் தமிழ்நாட்டு முகாமொன்றில் இரு பிள்ளைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அக்கா பிறந்தது 1987 ஜூன் 30. தம்பி அடுத்த வருடம். சட்டத்தின் கண்ணில் அக்கா இந்தியக் குடிமகள், தம்பி வெளிநாட்டவர்.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், தூதரின் பிள்ளை போன்ற சில விலக்குகள் தவிர, பெற்றோர் யாராயினும் குடிமகனே என்கிறது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலே பிள்ளைக்கு அந்த உரிமை கிடையாது.

திருச்சி விமான நிலையத்தை ஒட்டிய கொட்டப்பட்டு முகாமில் இது ஏட்டுக் கணக்கல்ல. அங்கே வாழும், 1987 ஜூலைக்கு முன் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

தேதி கைகொடுக்காதவர்களில் சிலருக்கு வரலாறு சாட்சி சொல்லும். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த சிலோன் லேபர் கமிஷன் 1904-ல் தலைமையகம் வைத்தது திருச்சியில்தான். ஆள் திரட்டிய கங்காணியோடு புறப்பட்ட கூலியாளுக்கு ஒரு தகரத் துண்டு கிடைக்கும். எந்தத் தோட்டத்து ஆள் என்பதை அதில் பொறித்த எழுத்தும் எண்ணும் சொல்லும். இவர்களின் சந்ததியினரில் பெரும்பாலோரை 1948-ல் இலங்கைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று அவர்களைக் கேட்காமலே பங்கு பிரித்தது. இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களிலும் இந்தத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத்தார் உண்டு.

எனவே ஒரே மனிதர் படகில் வந்த வகையில் சட்டவிரோதக் குடியேறி. பாட்டன் வழியில் இந்த மண்ணின் வாரிசு. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு துறை போதாது. சட்டம் படித்தவர் தேதியைப் பார்ப்பார். வரலாற்றாளர் தோட்டப் பதிவேட்டைப் புரட்டுவார். மானிடவியலாளர் முகாம் வாசலில் உட்கார்ந்து குலதெய்வம் எங்கே, பெண் எடுத்தது எந்த ஊரில் என்று விசாரிப்பார்.

ஆனால் இந்தக் குடியுரிமைக் கேள்வியைச் சபைக்குக் கொண்டுவந்தவர்கள் அகதிகளே. 1984-ல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அவர்களே நடத்தும் அமைப்பு. மலையக வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்றது. குடியுரிமையை நீதிமன்றமே வழங்கிவிடவில்லை; அந்த அதிகாரம் டெல்லியிடம். ஆனாலும் பாட்டன் எந்த ஊர்க்காரர் என்ற கேள்விக்கு, ஒரு சட்ட மதிப்பு அன்று கிடைத்தது.