டேக் ஆஃப்

டேக் ஆஃப் என்பது ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் கூட்டுவினைகளுள் ஒன்றாகும். எடுத்தலைக் குறிக்கும் டேக் என்னும் வினையும், விலகலைக் குறிக்கும் ஆஃப் என்னும் இடைச்சொல்லும் சேர்ந்து இது அமைகின்றது. இடத்திற்கேற்ப இதன் பொருளும் ஒத்த சொல்லும் மாறுபடும்.

பொருள்களும் ஒத்த சொற்களும்

* உடை, காலணி முதலியவற்றைக் கழற்றுதல் - ரிமூவ். இதன் எதிர்ச்சொல் புட் ஆன் ஆகும்.
* வானூர்தி தரையிலிருந்து மேலெழுதல். இதன் எதிர்ச்சொல் லேண்ட் ஆகும்.
* திடீரெனப் புறப்படுதல் - லீவ்.
* விலையில் ஒரு தொகையைக் கழித்தல் - டிடக்ட்.
* ஒருவரைப் போல் நடித்துக் கேலி செய்தல் - மிமிக். இது பெரிதும் பிரித்தானிய வழக்கு.
* ஒரு முயற்சி விரைந்து வளர்தல். அமெரிக்கப் பொருளியலாளர் வால்ட் ரோஸ்டோ 1960இல் வெளியிட்ட நூலில், பொருளாதார வளர்ச்சியின் ஐந்து படிநிலைகளுள் மூன்றாவதை இப்பெயரால் குறித்தார்.

இலக்கணம்

கழற்றுதல் என்னும் பொருளில், செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாயின் 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' ஆகிய இரண்டும் சரியே. பதிலிடுபெயராயின் அது இடையில் மட்டுமே வரும்: 'டேக் இட் ஆஃப்' என்பது சரி, 'டேக் ஆஃப் இட்' என்பது பிழை. மேலெழுதல், புறப்படுதல் ஆகிய பொருள்களில் இது செயப்படுபொருள் குன்றிய வினையாகும். எனவே, செயப்படுபொருள் உள்ளதா எனப் பார்த்தால், எப்பொருளில் வந்துள்ளது என்பதைப் பெரும்பாலும் அறியலாம்.