விசர்நாயின் மூளையும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய மீன் சந்தைகளிலும் கரையோர மீன்வாடிகளிலும் மனிதரைப் போலவே நாய்களுக்கும் பிழைப்பு நடக்கிறது. கட்டாக்காலியாகத் திரியும் அந்த நாய்களில் ஒன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டால் வீட்டில் எழும் கலவரத்தைச் சொல்லத் தேவையில்லை. சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும், உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் இன்று பல உம்மாமாருக்குத் தெரியும். கடித்த நாய் விசர் பிடித்துச் செத்திருந்தால், அல்லது அடித்துக் கொல்லப்பட்டிருந்தால், அதன் தலைக்கு என்ன நடக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

அந்தத் தலை கொழும்புக்குப் போகிறது. 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட, பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் அதன் மண்டையோடு திறக்கப்படும். அறிக்கையின் பொறுப்பு வைத்திய நிபுணருடையது. ஆனால் மூளையைத் தொட்டு வேலை செய்கிற கை பெரும்பாலும் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளருடையது.

அவர் செய்வதென்ன? மூளைத்தண்டிலிருந்தும் சிறுமூளையிலிருந்தும் சிறு துண்டுகளை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒற்றுகிறார். குளிர்ந்த அசற்றோனில் அதைப் பதப்படுத்தியபின், நோய்க் கிருமியை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் பிறபொருளெதிரியை அதன்மேல் இடுகிறார். அரை மணி நேரம் 37 பாகை வெப்பத்தில் வைத்துக் கழுவி, விசேட நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது கறுப்புப் பின்னணியில் பச்சைப் புள்ளிகள் மின்னினால், அந்த நாய்க்கு விசர் இருந்தது உறுதி. அழுக்கொன்று மின்னுவதையும் கிருமி மின்னுவதையும் பிரித்தறிய நல்ல கண் வேண்டும். அது பழகப் பழகத்தான் வரும்.

இந்த ஒளிரும் முறை 1958இல் வந்தது. அதற்கு முன் 1903இல் இத்தாலியரான நெக்ரி கண்டுபிடித்த அடையாளமே கதி. விசர்நாயின் நரம்புக் கலங்களுக்குள் சாயமேறித் தெரியும் சிறு உருண்டைகள் அவை. அவற்றை ஓர் ஒட்டுண்ணி என்று அவர் நினைத்தது பிழை. ஆனால் அடையாளம் சரியாகவே இருந்தது. உருண்டை தென்படாவிட்டால் மூளைக் கரைசலில் 0.03 மில்லிலீற்றரைச் சுண்டெலியின் மூளைக்குள் செலுத்தி, 28 நாள் வரை காத்திருப்பார்கள். காலைதோறும் கூட்டைத் திறந்து, எந்த எலியின் உரோமம் சிலிர்த்திருக்கிறது, எதன் கால் இழுபடுகிறது என்று குறித்துவைப்பதும் தொழினுட்பவியலாளரின் வேலைதான். இப்போது உலக சுகாதார ஸ்தாபனம் எலிக்குப் பதிலாக, ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் கலங்களையே சிபாரிசு செய்கிறது. விடையும் விரைவில் கிடைக்கிறது, பிராணியும் வதைபடுவதில்லை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் சம்பவத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஆறுதலான செய்தியே.

பாஸ்டர் என்றால் உலகமே அறியும். 1885 ஜூலை 6ஆம் திகதி ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு ஏற்றப்பட்ட மருந்து, விசர் பிடித்த முயலின் முண்ணாணை உலர்த்திச் செய்யப்பட்டது. நாயின் மண்டையோட்டில் துளையிடுவதைப் பார்க்கவே பாஸ்டருக்கு மனம் வரவில்லையாம். அவர் இல்லாத வேளையில் உதவியாளர் ரூ அதைச் செய்து முடித்தார் என்பார்கள். முண்ணாண்களைத் தயாரிக்கும் வேலையில் கைதேர்ந்திருந்தவர் இயூஜீன் வியாலா என்ற ஆய்வுகூட உதவியாளர். அவர் பெயரை யார் அறிவார்?

நம் வாப்பாமார் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசியைப் பற்றிச் சொல்லிப் பயமுறுத்துவார்களே, அதுவும் மூளையில் செய்த மருந்துதான். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய முறை அது. கிருமி ஏற்றிய ஆட்டின் மூளையைப் பினோல் இட்டுச் செயலிழக்கச் செய்வார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அது தயாரானது. உயிர்கள் பல தப்பின. ஆயினும் ஊசி போட்ட சிலருக்குக் கைகால் விளங்காமற் போனது. கிருமியா காரணம், ஆட்டு மூளையா காரணம்? 1933இல் நியூயோர்க்கில் தோமஸ் ரிவர்ஸ் குழுவினர், கிருமியே இல்லாத மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தார்கள். சில குரங்குகளுக்கு முடக்கம் வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் உறையைத் தாக்குகிறது என்ற விளக்கத்துக்கு வழி திறந்தது அந்தச் சோதனை. நரம்புறை சிதையும் நோய்களை ஆராய்வோர் இன்றும் அதிலிருந்து பிறந்த முறையையே எலிகளில் கையாள்கின்றனர். இந்தியா ஆட்டுமூளை மருந்தை 2004 இறுதியில் கைவிட்டது. இப்போது வைத்தியசாலைகளில் போடப்படுவது கலவளர்ப்பில் தயாராவது, கைக்குத்தான் போடுகிறார்கள்.

“நாயின் தலையை வெட்டுகிற வேலையா?” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இரட்டைக் கையுறை, மேலங்கி, முகக்கவசம், முன்கூட்டியே போட்டுக்கொண்ட தடுப்பூசி, அவ்வப்போது இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியைச் சோதித்தல் என்று அத்தனை காப்புடன்தான் அங்கே நுழைகிறார்கள். உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைகள் பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கலாம். வைத்தியத்துறைக்குப் புள்ளி போதவில்லை என்று அழுதுகொண்டிருக்கும் பிள்ளையுள்ள வீடுகளில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

1973இல் இலங்கையில் 377 பேர் நீர்வெறுப்பு நோயால் மரணித்தார்கள். அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்துள்ளது. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதும், மனிதருக்கு இலவசமாக ஊசி போட்டதும் முக்கிய காரணங்கள். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது என்பதால் வைத்தியர் முடிவு வரும்வரை காத்திருக்கமாட்டார். ஊசி உடனே தொடங்கும். நாய்க்கு நோயில்லை என்று அறிக்கை வந்தால் மிச்ச ஊசிகளை நிறுத்தலாம்.

நாய் உயிரோடிருந்தால் அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்து 14 நாள் கவனியுங்கள். செத்துவிட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவியுங்கள். தலையில் அடித்து மூளையைச் சிதைப்பதும், போர்மலினில் போட்டு அனுப்புவதும் கூடாது. தலையைப் பொலித்தீன் பைகளில் கசியாமல் கட்டி, சுற்றிவர ஐஸ் அடுக்கி, ரெஜிபோம் பெட்டியில் அனுப்பவேண்டும். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியா மக்கள் பாதையேறிக் கடல் கடந்துதான் திருகோணமலைக்கு வரவேண்டியிருந்தது. இப்போது அந்தத் தாமதம் இல்லை. பிடித்த மீன் பழுதாகாமல் கொழும்புக்கு அனுப்பத் தெரிந்த ஊர் நம்முடையது. ஐஸைப் பற்றி நமக்கு யாரும் படிப்பிக்கவேண்டியதில்லை. கரைந்து அழுகி வந்த மூளையில் எந்தக் கண்ணாலும் பச்சைப் புள்ளியைத் தேடமுடியாது. அப்போது தொழினுட்பவியலாளர் “பரிசோதனைக்கு உகந்ததல்ல” என்றுதான் எழுதுவார். பிள்ளை எல்லா ஊசியையும் போட்டுத்தான் ஆகவேண்டும்.