டர்போவைக் கொன்றது எது?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். டர்போ நலிந்த டீசல் காரை அந்தச் சாலை முதல் நான்கைந்து வளைவுகளிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பொள்ளாச்சி ரோட்டில் ஒழுங்காக ஓடிய வண்டி, ஏற்றம் தொடங்கியதும் இரண்டாவது கியரிலேயே திணறும். மிதிக்க மிதிக்கப் பின்னால் புகைதான் கூடும். "ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குதுங்க" என்பதுதான் கோவைப் பட்டறைகளில் இதற்கான முறையீடு. வண்டி பெரும்பாலும் ஒரு பழைய மாருதி ஸ்விஃப்ட் டீசலாக இருக்கும்.

ஸ்விஃப்ட் டீசல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2007ல். அதில் இருந்தது ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1.3 மல்டிஜெட் எஞ்சின்: 1,248 சிசி, 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் இழுவிசை. இதே எஞ்சின் மாருதியின் டிசையர், ரிட்ஸ் முதல் ஃபியட்டின் லீனியா, புன்டோ, டாடாவின் இண்டிகா விஸ்டா வரை பல கார்களில் ஓடியது. இந்தியாவின் தேசிய எஞ்சின் என்று கார் ஆர்வலர்கள் அதற்குச் செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். 2020ல் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது மாருதி டீசலைக் கைவிட்டது. முதலில் வந்த வண்டிகள் 15 ஆண்டுப் பதிவுக் காலத்தைத் தாண்டி, எஃப்சி எடுத்துப் பதிவைப் புதுப்பிக்கும் வயதுக்கு வந்துவிட்டன. அவற்றை விற்க மனமில்லாத இளைஞர்கள் அவற்றையே 'புராஜெக்ட் கார்' ஆக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்து மாட்டுகிறார்கள். அவர்களின் கை முதலில் போவது டர்போவின் மேல்.

டர்போ செய்யும் வேலை எளிமையானது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை, சைலன்சருக்குப் போகும் வழியில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் அதிக டீசலை எரிக்கலாம், சக்தியும் கூடும். வீணாகப் போகும் புகையை வேலைக்கு வைக்கும் இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூச்சி 1905லேயே காப்புரிமை பெற்றார்.

அது தன்னை நிரூபித்தது ஒரு மலையின் மேல். 1918ல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் சிகரத்தில், சுமார் 14,000 அடி உயரத்தில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான எஞ்சினைச் சோதித்தார். தரைமட்டத்தில் ஏறக்குறைய 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், மெலிந்த மலைக்காற்றில் 230க்கு இறங்கியது. டர்போவைப் பூட்டியதும் பழைய 350ஐ எட்டிப் பிடித்தது. கொங்கு நாட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு அந்நியமல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்டு 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியை அடையும்போது காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. திம்பம், கொல்லிமலை, ஏற்காடு என்று நாலு பக்கமும் மலை ஏறும் ஊர்க்காரருக்கு டர்போ ஆடம்பரம் அல்ல.

அந்தச் சிறு தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலக்கூடியது. அந்த வேகத்தில் இரும்பும் இரும்பும் உரசினால் நொடிகூடத் தாங்காது. தண்டு மிதப்பது எஞ்சின் ஆயிலின் ஒரு மெல்லிய படலத்தில். ஆகவே டர்போ தானாகச் சாவது அரிது, ஆயில்தான் பெரும்பாலும் அதைக் கொல்கிறது. மாற்றாமல் விட்ட ஆயில் கருகிக் கசடாகிறது. கசடு, டர்போவுக்கு ஆயில் கொண்டு வரும் குச்சிக் குழாயை அடைக்கிறது. தண்டு வறண்டு தேய்ந்து ஆட்டம் காண்கிறது, சக்கரத்தின் இறக்கைகள் கூட்டில் உரசுகின்றன. வண்டியிலிருந்து ஆம்புலன்ஸ் சைரன் போல ஒரு ஓசை கிளம்பும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். முற்றிய நிலையில் ஆபத்தும் உண்டு. டர்போவில் கசியும் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து டீசல் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும், சாவியைத் திருப்பினாலும் அணையாது.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி அனுப்பும் அவசரம்தான் இந்த வேலையில் மிகப் பெரிய தவறு. ஆயில் குழாயில் அடைப்பு அப்படியே இருந்தால் புது டர்போவும் அதே நோயில் போய்விடும். நல்ல மெக்கானிக் முதலில் அந்தக் குழாயையும், ஆயில் திரும்பி இறங்கும் பாதையையும், ஆயில் சேம்பரையும் பார்ப்பார். காற்று ஹோஸ்களிலும் இன்டர்கூலரிலும் தேங்கிய ஆயிலைக் கழுவி எடுப்பார். உடைந்த இறக்கையின் துணுக்கு ஒன்று உள்ளே கிடந்தாலும் அது எஞ்சினுக்குள் போய்விடும். புது டர்போவை மாட்டியதும் அதன் ஆயில் துளையில் சிரிஞ்சால் ஆயிலை நிரப்புவது, டீசல் போகாமல் எஞ்சினைச் சில முறை சுற்றவிட்டு ஆயிலை மேலேற்றுவது, பிறகே ஸ்டார்ட் செய்வது என்பவை நீண்ட ஆயுளைத் தரும் பத்து நிமிட வேலைகள்.

மாற்றுவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, முழுப் புது டர்போ: செலவு அதிகம், கவலை குறைவு. இரண்டாவது, வெளிக்கூடு நன்றாக இருந்தால் நடுப்பகுதியான காட்ரிட்ஜை மட்டும் மாற்றலாம். ஆனால் தண்டும் சக்கரங்களும் அதற்கான இயந்திரத்தில் பேலன்ஸ் செய்யப்பட்டிருக்க வேண்டும், கண் மதிப்பில் செய்யும் வேலை அல்ல அது. மூன்றாவது, சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கிடைக்கும் பழைய டர்போ. தண்டை விரலால் ஆட்டிப் பார்க்காமல் அதை வாங்கக்கூடாது. 

இனி, ஆசையின் பகுதி. இருந்ததையே மாட்டாமல் பெரிதாக ஒன்றை மாட்டினால் என்ன? ஸ்விஃப்டின் டர்போ நிலையான வடிவம் கொண்டது. இதே 1.3 எஞ்சினின் 90 குதிரைத்திறன் வகை, லீனியாவிலும் மாருதி எஸ்எக்ஸ்-4 டீசலிலும் வந்தபோது, உள்ளே இறகுகள் திறந்து மூடும் டர்போவோடு வந்தது. குறைந்த வேகத்தில் இறகுகள் நெருங்கிப் புகையின் வேகத்தைக் கூட்டும், வேகம் ஏறியதும் விலகி வழிவிடும். 200 நியூட்டன் மீட்டரும் அதற்கு மேலும் இழுவிசை அதனால் சாத்தியமாயிற்று. ஆர்வலர்களின் கண் இதன் மேல் விழுவது நியாயமே. தொழிற்சாலையே சோதித்துக் கொடுத்த அண்ணன் எஞ்சின் அது.

ஆனால் டர்போ மட்டும் வந்தால் போதாது. பழைய வண்டியின் கம்ப்யூட்டருக்கு அந்த இறகுகளை ஆட்டத் தெரியாது. அதன் நிரலையும் இணைப்புகளையும் மாற்ற வேண்டும். கூடிய இழுவிசையில் கிளட்ச் வழுக்கலாம். டீசலைக் கூட்டிக் காற்றைக் கூட்டாவிட்டால் கரும்புகையும் அதிக வெப்பமும்தான் மிஞ்சும். இன்னும் பெரிய டர்போவுக்குப் போனால், அது சுழன்று வேகம் பிடிக்கும்வரை வண்டி தூங்கும். கொண்டை ஊசி வளைவிலிருந்து மெல்ல வெளியேறும் காருக்கு அந்தத் தாமதம் பெரும் தொல்லை. மலைச்சாலை ஓட்டுபவருக்குச் சிறிய, சுறுசுறுப்பான டர்போவே மேல்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளரின் மூல அம்சங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவைச் சுட்டி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டத்திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்றது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரலாம். அதே வகை டர்போவை மாற்றுவது பழுதுபார்ப்பு. சக்தியைக் கூட்டுவது வேறு கணக்கு. கூட்டிய வண்டிக்கு அவிநாசி ரோடு இடமல்ல.

அதற்கான இடம் கோவையிலேயே இருக்கிறது. செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003ல் திறக்கப்பட்டது. மாருதி எஞ்சின்களை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்கள் கட்டி, 1995ல் விமான விபத்தில் இறந்த கோவைக்காரர் கரிவர்தனின் பெயரைத் தாங்குவது அது. இந்தியாவின் முதல் ஃபார்முலா-1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனைத் தந்ததும் இதே ஊர்தான். பந்தயத்துக்கென்று மாற்றிய வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இப்படியொரு மூடிய களத்தில் ஓட்டலாம். ஓட்டி முடித்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டால், தகதகக்கும் டர்போவுக்குள் ஆயில் தேங்கிக் கருகாது. மறுநாள் காலை பானெட்டைத் திறந்து குழாய் இணைப்புகளில் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். புது டர்போ மாட்டிய முதல் 1,000 கிலோமீட்டரிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும்.