வெள்ளை இறக்கையில் சிவப்பு, கறுப்புப் புள்ளி: பகலில் பறக்கும் இந்தப் பூச்சி எது?

தரிசு நிலத்திலோ சாலையோரப் புல்லிலோ நடக்கும்போது, காலடியில் இருந்து வெள்ளையாக ஒன்று எழும்பி, நாலடி தள்ளி மறுபடி உட்காருகிறதா? குனிந்து பாருங்கள். குறுகலான வெள்ளை இறக்கை முழுக்கச் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள். "அட, குட்டிப் பட்டாம்பூச்சி!" என்போம். அது அந்துப்பூச்சி. பெயர் யூட்டிதீசா.

எப்படி அடையாளம் காண்பது?

இறக்கையை விரித்தால் மூன்று, நான்கு செ.மீ. இருக்கும். உட்காரும்போது இறக்கையை உடம்போடு ஒட்டி மடித்துக்கொள்ளும். உணர்கொம்பு நூல் மாதிரி இருக்கும். பட்டாம்பூச்சிக்கு இருப்பதுபோல நுனியில் குமிழ் இருக்காது. பின் இறக்கை வெள்ளை, ஓரத்தில் கறுப்புத் திட்டு. இதில் ஒன்றுக்கு 1758-இல் லின்னேயஸ் வைத்த பெயர் 'புல்செல்லா'. லத்தீனில் 'அழகான குட்டி' என்று அர்த்தம். நம் ஊரில் இதே சாயலில் 'லோட்ரிக்ஸ்' என்ற இனமும் உண்டு. போட்டோவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அதனால் எந்தச் செடியில் பார்த்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது?

கிலுகிலுப்பை, சணப்பை, தேள்கொடுக்கு இருக்கும் வெயில்படும் திறந்தவெளிகளில். இதன் கம்பளிப்புழுக்கள் தின்பது இந்தச் செடிகளைத்தான்.

பறவைகள் ஏன் விட்டுவிடுகின்றன?

இச்செடிகளில் ஈரலைக் கெடுக்கும் நச்சு இருக்கிறது. புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பளிச்சென்ற நிறம் "என்னைத் தொடாதே" என்கிற எச்சரிக்கை. இதன் அமெரிக்க உறவினத்தை ஆராய்ந்த தாமஸ் ஐஸ்னர் ஒரு வேடிக்கையைக் கண்டார். வலையில் சிக்கிய பூச்சியைச் சிலந்தியே இழையை வெட்டி விடுவித்துவிட்டது! அந்த இனத்தில் தாய், தகப்பன் இரண்டுமே முட்டைக்கு இந்த நச்சைச் சீதனமாகக் கொடுக்கின்றன.

விவசாயிகள் மருந்தடிக்கணுமா?

பசுந்தாள் உரத்துக்கு விதைத்த சணப்பையை எப்படியும் பூக்கும் பருவத்தில் மடக்கி உழப்போகிறோம். நாலு இலை கடிபட்டால் நஷ்டமில்லை. விதைக்கு விட்ட வயலில்தான் புழு காயைத் துளைக்காமல் கவனிக்கணும்.

'களை' என்று கிலுகிலுப்பையை அடியோடு வெட்டினால், இந்தப் பூச்சிக்கு அங்கே வேலை இல்லை. ஆடு மாடு மேயாத மூலையில் நாலு செடியை விட்டுவையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள்.