கழிவுநீர்த் தொட்டி கட்டுமுன் மண்ணைச் சோதியுங்கள்

டைஃபாய்டு காய்ச்சல், மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுடன் வருவோரிடம், குடிநீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்பது வழக்கம். அதனுடன் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வியும் உண்டு: வீட்டின் கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி உள்ளது? மருந்தினால் நோயாளி குணமடைவார். ஆனால் கிணற்றில் கழிவுநீர் கசிந்துகொண்டிருந்தால், அதே நோய் அவ்வீட்டில் அடுத்தவருக்கும் வரக்கூடும். ஆகவே வீடு கட்டுவோரும், தொட்டியைப் புதுப்பிக்க எண்ணுவோரும் மனையின் மண்ணைப் பற்றிச் சிலவற்றை அறிந்திருத்தல் நலம்.

தொட்டியின் பணியும் மண்ணின் பணியும்

செப்டிக் டேங்க் எனப்படும் தொட்டியில் கசடு அடியில் படிகிறது; எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது; இடைப்பட்ட நீர் உறிஞ்சுகுழிக்குச் செல்கிறது. அந்த நீரில் நோய்க்கிருமிகள் பெருமளவு உயிருடன் இருக்கும். காற்றோட்டமுள்ள மண்ணின் வழியே அது மெல்லக் கசியும்போது பாக்டீரியாக்கள் மண் துகள்களில் சிக்கி மடிகின்றன. வைரஸ்கள் மிகச் சிறியவை ஆதலால், அவை அகல இன்னும் அதிக ஆழமும் நேரமும் தேவை. கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் என்னும் உப்பை மண் பெரும்பாலும் தடுப்பதில்லை.

1854ஆம் ஆண்டு இலண்டனில் பிராட் தெருக் குழாய்க் கிணற்றால் காலரா பரவியதை மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டறிந்தார். பின்னர் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, அருகிலிருந்த வீட்டின் கழிவுக்குழி கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைவான தொலைவில், சிதைந்த செங்கற்சுவருடன் இருந்தது தெரியவந்தது.

நம் பகுதியின் நிலம்

சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பது மிகப் பழமையான கடினப் பாறை. அதன்மேல் சிதைந்த பாறையும், அதற்கு மேல் செம்மண்ணும் உள்ளன. குமாரபாளையத்தில் காவிரிக் கரையையொட்டி வண்டல் காணப்படும். மேட்டு மனைகளில் சில அடி சரளை மண்ணுக்குக் கீழேயே பாறை தட்டுப்படலாம். ஆழ்துளைக் கிணறுகளுக்கு நீர் வருவது பாறை வெடிப்புகளின் வழியே. அந்த வெடிப்புக்குள் புகும் கழிவுநீர், வடிகட்டப்படாமலே நெடுந்தொலைவு செல்லக்கூடும்.

தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனம் தமிழ்நாட்டின் மண்வகைகளை 1:2,50,000 அளவில் வரைபடமாக்கியுள்ளது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் இரண்டரைக் கிலோமீட்டர். வட்டாரத்தின் பொதுவான மண்வகையை அறிய அது உதவும். தங்கள் மனையின் அடியில் பாறை எத்தனை அடியில் உள்ளது என்பதை, குழி தோண்டித்தான் அறிய முடியும்.

மனையைச் சோதிக்கும் முறை

1. சோதனைக் குழி: உறிஞ்சுகுழி அமையவுள்ள இடத்தில், அதன் ஆழத்தைவிடக் கூடுதலாகத் தோண்டி, மண் அடுக்குகளையும் பாறையின் ஆழத்தையும் பாருங்கள். வெடிப்புள்ள பாறை அருகில் இருந்தால் அவ்விடம் ஏற்றதன்று.

2. நீர்மட்டம்: கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையின்போதும் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 2 மீட்டரேனும் மண் இருத்தல் நலம். மேட்டூர் அணையின் உபரிநீர் வரும் காலத்தில் வெள்ளம் புகும் கரையோர மனைகளில் கூடுதல் கவனம் தேவை.

3. நீர் உறிஞ்சும் வேகம்: குழியின் பக்கங்களைக் கீறிவிட்டு, அடியில் 5 செ.மீ. சரளை பரப்பி, நீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் நீர்மட்டம் 2.5 செ.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பொறியாளர் அளப்பார். இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 2470 விதிப்படி, 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி பொருந்தும். 30 முதல் 60 நிமிடம் எனில், துளையிட்ட குழாய் பதித்த நீண்ட பள்ளங்கள் தேவை. 60 நிமிடத்துக்கு மேல் எனில் இரண்டும் பயன்படா. வடிகட்டும் தொட்டி போன்ற மாற்று ஏற்பாடு வேண்டும். சட்டென்று நீர் மறைந்துவிடுவதும் நல்ல அறிகுறி அன்று. அங்கே வடிகட்ட மண் போதவில்லை என்று பொருள்.

4. தொலைவு: குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், ஏறத்தாழ 60 அடி, இருக்க வேண்டும். அண்டை வீட்டாரின் கிணற்றையும் சேர்த்து அளவிடுங்கள். சிறிய மனைகளில் இது இயலாதெனில், அக்கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள்.

நிரம்பாத தொட்டி

"பத்து ஆண்டுகளாக எங்கள் தொட்டி நிரம்பவே இல்லை" என்று சிலர் மகிழ்ச்சியுடன் கூறுவர். அடியில் கான்கிரீட் இடாமல் உறைகளை மட்டும் இறக்கினால் தொட்டி நிரம்பாது. கழிவு முழுவதும் நிலத்துக்குள் இறங்கிவிடும். முறையாகக் கட்டப்பட்ட தொட்டியில் கசடு சேரும். 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை உறிஞ்சு வண்டியால் எடுக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் மனிதரைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளிருக்கும் நச்சுவாயு சில நொடிகளில் உயிரைப் பறிக்கும். பாதுகாப்பின்றி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும்.

கிணற்று நீரைக் குடிப்போர் கவனத்திற்கு

ஆண்டுக்கு ஒருமுறையும், வெள்ளத்துக்குப் பின்னரும் நீரைப் பரிசோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் இவ்வசதி உண்டு. 100 மி.லி. நீரில் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருத்தல் ஆகாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி. அளவைத் தாண்டலாகாது. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும். நைட்ரேட் குறையாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். அத்தகைய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரிக்கலாம். ஹெப்படைடிஸ் ஈ என்னும் காமாலை, கருவுற்ற பெண்களுக்குக் கடைசி மூன்று மாதங்களில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

தங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ சில வாரங்களுக்குள் ஒருவருக்கு மேற்பட்டோருக்குக் காமாலையோ டைஃபாய்டோ வந்திருப்பின், அதனை மருத்துவரிடம் தவறாமல் தெரிவியுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை அக்கிணற்று நீரைக் குடிப்பதை நிறுத்திவிடுங்கள்.