உமியோடு இருக்கட்டும் சாமை

கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரின் பழைய பயிர் சாமை. உமியோடு இருக்கும்வரை அது நெடுநாள் கெடாது. குத்தி அரிசியாக்கிவிட்டால் சீக்கிரமே சிக்கு வாடை தட்டும். அதனால் அவ்வப்போது தேவைக்குக் குத்துவதே சிக்கனம். நன்றாகக் காய்ந்த மணி பல்லில் 'கடுக்'கென உடையும். அந்தப் பதத்தில் மூட்டை கட்டி, நொச்சி இலையோ வேப்பிலையோ போட்டுவைத்தால் பூச்சித் தொல்லை குறையும்.

சாமையைப் போலவே பணத்தையும் சேர்த்துப் பாதுகாக்க வழி இருக்கிறது.

அஞ்சலகத் தொடர் வைப்புக்கு மாதம் 100 ரூபாய் போதும். 5 ஆண்டில் அசலே 6,000 சேரும், வட்டி தனி. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வண்டியில் இறங்கி ஏறுபவர்கள் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டை அவசியம் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாய்தான்; விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். 18 முதல் 70 வயதுவரை சேரலாம். காப்பீட்டுக் கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்தே பிடிக்கப்படும் என்பதால், மே மாதக் கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.